தல்வேலாவை உயரத்தால் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஃபின்லாந்து ஓப்பெரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர் மார்த்தி தல்வேலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஒரு பாஸ் பாடகருக்கு, அதாவது ஆண் குரல்களில் கீழ்வகைக் குரல்காரருக்கு, தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவருடைய 6 அடி 7 அங்குல உயரத்தை விட்டு நகரவே இல்லை. ஆள் பெரியவர், ஆகவே குரல் பெரியது. குளிர்நாட்டுக்காரர், ஆகவே குரல் கனத்தது. சவோன்லின்னா ஓப்பெரா விழாவில் கோட்டைக்குள் பாடும்போது மைக் கைகொடுத்தது. கடைசியில் ஃபின்லாந்து தேசிய ஓப்பெராவின் தலைமைப் பதவியில் இருந்து மறைந்தார் என்று போகிறது. நான்கும் பிழை. பின்னிரண்டையும் ஆளுக்கொரு வரியில் திருத்திவிடலாம். முன்னிரண்டும் அப்படி லேசில் விடக்கூடியவை இல்லை. அவற்றை நம்பிவிட்டால் அந்த மனிதர் உழைத்து உண்டாக்கியது என்ன என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் கடிதம் நீளமாகிவிட்டது. வெட்டுவது தங்கள் விருப்பம்.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் நேர் செய்துகொள்வோம். தல்வேலா 1935 பிப்ரவரி 4 அன்று கரேலியாவில் உள்ள ஹீட்டோலாவில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் இருக்கிறது. 1944 போர்நிறுத்தத்தோடு ஃபின்லாந்து அந்தப் பகுதியை சோவியத் யூனியனிடம் இழந்தது. கரேலியர்கள் சுமார் நான்கு லட்சம் பேர் வீடு வாசலை விட்டு மேற்கே வந்து குடியேறினார்கள். தல்வேலா ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். லாஹ்தி நகரில் இசை படித்தார். பிறகு ஸ்டாக்ஹோமில் கார்ல் மார்ட்டின் ஓமானிடம் சேர்ந்தார். 1961இல் ஸ்டாக்ஹோம் ராயல் ஓப்பெராவில் வெர்டியின் ‘ரிகோலெத்தோ’வில் கூலிக் கொலைகாரன் ஸ்பாராஃபுசிலேயாகப் பாடினார்.

இதில் கட்டுரையாளர் கவனிக்காமல் தாண்டிப்போன விஷயம் ஓமான். அவர் ஒரு டெனர் பாடகர், அதாவது ஆண் குரல்களில் மேல்வகை. கீழ்வகைக் குரல்காரர் ஒருவர் மேல்வகைக் குரல்காரரிடம் ஏன் போய்ச் சேர வேண்டும்? பாஸ் பாடகருக்குக் கீழ்ஸ்தாயி பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. குரல்நாண்களின் நீளமும் தடிமனும் அதைத் தீர்மானித்துவிடுகின்றன. எவ்வளவு சாதகம் செய்தாலும் அடியில் ஒன்றிரண்டு சுரம் கூடலாம், அவ்வளவுதான். பாடம் தேவைப்படும் இடம் மேலே இருக்கிறது. பாஸ் குரலில் ஏறக்குறைய பியானோவின் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி அதற்கு மேலே உள்ள டி வரை ஒரு கடவு உண்டு, அதாவது குரல் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். பேச்சுக்குரலின் அமைப்பிலேயே அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தால் பாட்டு கத்தலாகிவிடும். உயிரெழுத்தை அங்கே கொஞ்சம் உருட்டி, ‘ஆ’வை ‘ஓ’ பக்கமாகச் சாய்த்து, குரல்வளையை உயரவிடாமல் வைத்துக்கொண்டு கடக்க வேண்டும். இந்தக் கடவிலேயே காலம் முழுக்கப் பிழைப்பு நடத்துகிறவர்கள் டெனர்கள். அதனால் அவர்களில் நல்ல ஆசிரியர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி. நிக்கோலாய் கெத்தாவும் ஓமானின் மாணவர்தான். அந்தப் பெயர் இன்னொரு முறை வரும்.

இனி உடம்பு விவகாரம். உயரமானவருக்குத் தொண்டையிலிருந்து உதடுவரையுள்ள குழாய் சற்று நீளமாக இருக்கும். குரலின் நிறம் அதனால் இருளும். அதுவரை உடம்புக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு பெரிய இசைக்குழுவைத் தாண்டி மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது அதனால் இல்லை. ஸ்வீடன் ஒலியியலாளர் யோஹான் சுந்த்பெரி இதை அளந்து காட்டியிருக்கிறார். முழு இசைக்குழு வாசிக்கும்போது அதன் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப் போகச் சரியும். பயிற்சி பெற்ற ஆண் குரலிலோ 2,400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தனியாக ஒரு மேடு எழும்பும். பாஸ் குரலுக்கு இந்த மேடு 2,400 பக்கம், டெனருக்கு அதைவிட மேலே. இசைக்குழு அடங்கிப்போன பகுதியில் குரல் ஓங்கி நிற்பதால் மைக் இல்லாமலே கேட்கிறது. மேடு உண்டாவதற்குக் குரல்வளை தாழ்ந்திருக்க வேண்டும். குரல்வளைக் குழாயின் வாயைப் போல ஆறு மடங்காவது அதற்கு மேலுள்ள தொண்டை அகன்றிருக்க வேண்டும். இதற்கு எடையும் உயரமும் வேண்டாம். ஐந்தரை அடி ஆள் செய்யலாம். ஆறரை அடி ஆள் தவறவிட்டு, இசைக்குழுவுக்குள் மூழ்கியும் போகலாம்.

இளம் பாஸ் பாடகர்கள் தவறுவதும் இங்கேதான். குரல் இன்னும் கனமாகக் கேட்கட்டும் என்று நாக்கின் அடியைக் கீழே அழுத்துவார்கள். பாடுகிறவர் காதுக்கு அது குகைபோல் முழங்கும். நாலாவது வரிசையில் இருப்பவருக்குச் சொல்லே புரியாது, ஏனென்றால் அந்த அழுத்தத்தில் 2,400 ஹெர்ட்ஸ் மேடு நசுங்கிவிடுகிறது. கீழ்ச்சுரத்தில் மூச்சை அதிகமாகத் தள்ளுவது இன்னொரு தவறு. சுரம் உறுமலாக உடைந்துவிடும். ஸ்பாராஃபுசிலே மேடையை விட்டுப் போகும்போது தன் பெயரைச் சொல்லி ஒரு தாழ் எஃப்-பைப் பிடித்து நிற்க வேண்டும். அந்தச் சுரம் 87 ஹெர்ட்ஸ். அங்கே மூச்சைத் தள்ளக்கூடாது, குறைக்க வேண்டும். நம் கச்சேரிப் பழக்கத்தில் இதை யோசித்தால் கஷ்டம் புரியும். பாடகர் தன் தொண்டைக்குத் தோதான கட்டையில் சுருதியை வைத்துக்கொள்ளும் சுதந்திரம் ஓப்பெராவில் கிடையாது. எழுதியது எழுதியதுதான். மோட்சார்ட் ஓப்பெராக்களின் பாஸ் வேடங்களில் ‘மந்திரப் புல்லாங்குழல்’ சராஸ்த்ரோவுக்குத் தாழ் எஃப், ஓஸ்மினுக்கு அதற்கும் கீழே தாழ் டி, 73 ஹெர்ட்ஸ். தல்வேலா இரண்டையும் பாடி ஒலிப்பதிவும் செய்தவர்.

குளிர்நாட்டு வாதத்துக்கு ஒரு வரி போதும்: அதே குளிர்நாட்டில்தான் ஐனோ ஆக்டே, கரிதா மத்திலா போன்ற சொப்ரானோக்களும் (பெண் குரல்களில் மேல்வகை) பிறந்தார்கள். ஃபின்லாந்தில் நல்ல பாடகர்கள் அதிகம் என்பது உண்மை. அதற்குக் காரணம் வேண்டுமென்றால் ஊர் ஊராக உள்ள சேர்ந்திசைக் குழுக்களையும், அரசும் நகராட்சியும் பணம் கொடுத்து நடத்தும் இசைப் பள்ளிகளையும் பார்க்கலாம். வெப்பமானியைப் பார்க்க வேண்டியதில்லை.

தல்வேலா வேடங்களை ஏற்ற வரிசைக்கு வருவோம். எங்களைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் படிக்க வேண்டியதே இந்த வரிசைதான். பாஸ் குரல் தாமதமாகப் பழுக்கும். முப்பதுகளின் நடுவில்தான் திடப்படும், ஐம்பதைத் தாண்டியும் நிற்கும். இருபத்தைந்து வயதில் ஒருவர் முசோர்க்ஸ்கி ஓப்பெராவின் ரஷ்ய அரசன் போரிஸ் கோடுனோவ், வாக்னரின் ஹாகன் போன்ற கனமான வேடங்களைத் தூக்கிக்கொண்டால் என்ன ஆகும்? குரலின் இயல்பான அதிர்வு நொடிக்கு ஐந்தாறு முறை. சுமை மீறும்போது அது மெதுவாகி, அகன்று, ஆட்டமாக மாறிவிடும். அந்த ஆட்டம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. ஆகவே சின்ன வேடம், பெரிய அரங்கு, நல்ல இசைக்குழு நடத்துநர் என்று தொடங்குவது புத்திசாலித்தனம். தல்வேலாவுக்கு வாய்த்தது அப்படி ஒரு தொடக்கம்.

1962. ஸ்டாக்ஹோமில் அவர் பாடியதைக் கேட்ட வீலாண்ட் வாக்னர் (இசையமைப்பாளர் வாக்னரின் பேரர்) அவரை ஜெர்மனியில் வாக்னர் விழா நடக்கும் பைராய்ட்டுக்கு அழைத்தார். கொடுத்த வேடம் ‘பார்சிஃபால்’ ஓப்பெராவில் தித்துரெல். கட்டுரையாளருக்கு நாங்கள் காட்ட விரும்பும் சான்று இதுதான். தித்துரெல் ஒரு கிழ அரசன். கல்லறைக்குள் உயிரோடு கிடப்பவன். முதல் அங்கத்தில் அவன் குரல் மட்டும்தான் வரும், ஆள் தெரிய மாட்டான். அரங்கில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்த 6 அடி 7 அங்குலம் கண்ணில் பட்டிருக்க வழியில்லை. குரலால் மட்டுமே தேறியாக வேண்டிய வேடம். அவன் மகன் அம்ஃபோர்தாஸாகப் பாடிய ஜார்ஜ் லண்டனுக்கு அப்போது 42 வயது. அப்பாவாகப் பாடிய தல்வேலாவுக்கு 27!

வேடம் சிறியது, வரிகள் கொஞ்சம்தான். ஆனாலும் அதில் குழிகள் உண்டு. மேடைக்குப் பின்னாலிருந்து பாடுகிறவருக்கு இசைக்குழு தாமதமாகக் கேட்கும். அவர் குரல் அரங்கைச் சேர்வதும் தாமதமாகும். இருபது மீட்டர் தூரத்துக்கு நொடியில் பதினேழில் ஒரு பங்கு தாமதம். காதை நம்பிப் பாடினால் தாளம் பின்தங்கும். ஆகவே கொஞ்சம் முந்தியே எடுக்க வேண்டும். தூரத்துக் குரல் சுருதி இறங்கினாற்போலக் கேட்கும் ஆபத்து இன்னொன்று. திரையும் மரச்சட்டமும் குரலின் மேல் அலைகளை உறிஞ்சிவிடும். மேலே சொன்ன 2,400 ஹெர்ட்ஸ் மேடு உறுதியாக இல்லாவிட்டால் கல்லறையிலிருந்து வெறும் முனகல்தான் வரும். க்னாப்பர்ட்ஸ்புஷ் நடத்திய அந்த 1962 நிகழ்ச்சி ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. முதல் அங்கத்தில் மணியோசை ஓய்ந்து, கோரஸ் (சேர்ந்திசைக் குழு) அடங்கிய பிறகு, ஆழத்திலிருந்து தித்துரெல் மகனை அழைக்கிறான். பக்கவாத்தியம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அங்கே கேட்பது அளவாக மூச்சுவிட்டுப் பாடும் ஒரு மென்மையான குரல். ராட்சத முழக்கத்தை எதிர்பார்த்துக் கேட்பவர் ஏமாந்துபோவார்.

அதன்பின் பெர்லினின் டாய்ச்ச ஓப்பர் அரங்கம் அவருக்கு நிலையான மேடையானது. ஒலிப்பதிவுகள் வரிசையாக வந்தன. 1965இல் சோல்ட்டி நடத்திய ‘டான் கார்லோ’வில் 90 வயதுக் குருட்டு விசாரணைத் தலைவர், பாடியவருக்கு வயது 30. அடுத்த ஆண்டு பைராய்ட்டில் கார்ல் பேம் நடத்திய ‘திரிஸ்தான்’ ஓப்பெராவில் மன்னர் மார்க்கே. பேம் நடத்திய ‘டான் ஜொவானி’யில் கல்சிலையாக விருந்துக்கு வரும் படைத்தலைவர். 1968இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் அடியெடுத்து வைத்ததும் அதே விசாரணைத் தலைவராகத்தான். 1969இல் சோல்ட்டியோடு சராஸ்த்ரோ. ‘ரைன்தங்கம்’ ஓப்பெராவின் அரக்கன் ஃபாசோல்ட்டை பேமும் கராயானும் இவரையே பாடவைத்தார்கள். ஆளின் உயரம் அந்த வேடத்துக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு அரக்கச் சகோதரர்களில் ஃபாசோல்ட் மனம் இளகியவன்; ஃப்ரையா என்ற பெண்மேல் ஏக்கம் கொண்டவன். வாக்னர் அவனுக்கு நீண்ட இழைவான வரிகளைக் கொடுத்திருக்கிறார். தல்வேலா அந்த வரிகளை உடைக்காமல் ஒரே மூச்சில் இழைக்கிறார். அவன் கொலையுண்டு விழும்போது நமக்குப் பாவமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இவை எல்லாம் முடிந்து நாற்பதை நெருங்கும்போதுதான் போரிஸ் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1974 டிசம்பரில் மெட்ரோபாலிட்டனில் தாமஸ் ஷிப்பர்ஸ் நடத்த, ஆகுஸ்ட் எவர்திங் மேடையமைக்க, ‘போரிஸ் கோடுனோவ்’ ரஷ்ய மொழியில் முசோர்க்ஸ்கியின் சொந்த வாத்திய அமைப்போடு அரங்கேறியது. கட்டுரை இதை வெறும் வெற்றி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அந்த வாத்திய அமைப்பு எதற்காக முக்கியம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

முசோர்க்ஸ்கி இறந்தபின் அவர் நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இந்த ஓப்பெராவை எடுத்துத் திருத்தினார். முரண்பட்ட சுரச்சேர்க்கைகளை வழவழப்பாக்கினார், பித்தளை வாத்தியங்களைக் கூட்டினார், கடைசி இரண்டு காட்சிகளை முன்பின்னாக்கி அரசனின் சாவை முடிவில் வைத்தார். உலகம் பல பத்தாண்டுகள் அதைத்தான் கேட்டது. மெட்ரோபாலிட்டனில் அதற்குப் பிறகு கரோல் ரத்தாவுஸ், ஷோஸ்தகோவிச் ஆகியோரின் திருத்தங்களும் வந்துபோயின. முசோர்க்ஸ்கி எழுதியது மெலிந்தது, இருண்டது, ஓரங்கள் கூர்மையானது. மக்கள் கலகத்தோடும் ஒரு பித்தனின் புலம்பலோடும் முடிவது. முடிசூட்டுக் காட்சியில் மாறி மாறி இடிக்கும் இரண்டே இரண்டு சேர்க்கைகளை எந்தத் திருத்தமும் இல்லாமல் கேட்டால் அந்த நாட்டின்மேல் ஏதோ கவிகிறது என்று உடனே பிடிபடும்.

பாடகருக்கு இதில் என்ன வித்தியாசம்? ரஷ்ய பாஸ் பாடகர் ஷல்யாப்பின் காலத்திலிருந்து போரிஸ் என்றால் விம்மல், மூச்சுத்திணறல், பாதி பேச்சு, பாதி அலறல் என்று ஒரு மரபு ஊறிவிட்டது. அவர் மேதை, அவருக்கு அது பொருந்தியது. பின்னால் வந்தவர்கள் விம்மலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடர்ந்த வாத்திய ஒலிக்கு மேலே அலற வேண்டியிருந்ததும் ஒரு காரணம். கடிகாரக் காட்சியில் கொலையுண்ட குழந்தையின் தோற்றம் கண்டு போரிஸ் நடுங்குகிறான். அங்கே பாடகர் பேச்சுக்குரலில் அலறினால் குரல்நாண் வறண்டுவிடும். 1874 வடிவத்தில் அதற்கடுத்து போலந்து அங்கம் முழுவதும் அரசனுக்கு வேலையில்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வறண்ட தொண்டை இறுகும். பிறகு சாவுக் காட்சியில் மகனோடு பேசும் வரிகளை மெல்லிய குரலில், மேல் சுரங்களில் இழைக்க வேண்டும். அலறியவரால் அது முடியாது, கரகரக்கும். மூல வாத்திய அமைப்பு மெலிந்தது என்பதால் அலற வேண்டிய அவசியம் குறைகிறது. தல்வேலா எழுதிய சுரங்களைப் பாடினார். கடிகாரக் காட்சியிலும் பெரும்பகுதி பாட்டுதான். அதனால்தான் அவருடைய சாவுக் காட்சியில் குரல் இன்னும் புதிதாக இருக்கிறது.

1977இல் வெளியான யெர்ஸி செம்கோவின் போலந்து ஒலிப்பதிவு, முசோர்க்ஸ்கியின் வாத்திய அமைப்பை ஸ்டுடியோவில் முழுமையாகக் கொண்டுவந்த முன்னோடி. அதில் போரிஸ் தல்வேலா. போலி இளவரசன் திமித்ரி நிக்கோலாய் கெத்தா. அரசனும் அவனைக் கவிழ்க்க வருகிறவனும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். இருவருமே கத்துவதில்லை.

ஓப்பெராவுக்கு வெளியே ஒன்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போகிறோம். ஷூபர்ட்டின் ‘குளிர்காலப் பயணம்’ 24 பாடல்களையும் ரால்ஃப் கோத்தோனியின் பியானோவோடு தல்வேலா பதிவுசெய்திருக்கிறார். மேல்வகைக் குரலுக்கு எழுதிய பாடல்கள் அவை. தனிப்பாடல்களில் சுருதியை இறக்கிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் பாஸ் குரலுக்கு இறக்கும்போது பியானோவின் இடக்கை பாகம் அடிமட்டத்துக்குப் போய்க் குழம்பும். மிதியைக் குறைத்து, இடக்கையை லேசாக்கி வாசிக்காவிட்டால் பாட்டும் பியானோவும் ஒரே சேறு. கோத்தோனி அதைச் சரியாகச் செய்திருக்கிறார். பெரிய உடம்புக்காரர் எவ்வளவு சன்னமாகப் பாடுவார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பதிவு போதும்.

சவோன்லின்னா. 1475இல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டை ஏரி நடுவே ஒரு பாறைத் தீவில் இருக்கிறது. அங்கே ஓப்பெரா நடத்தலாம் என்று கண்டவர் ஐனோ ஆக்டே. பாரிஸ் ஓப்பெராவில் 1897இல் ‘ஃபாஸ்ட்’ கதாநாயகி மார்கரீத்தாகப் பாடிப் புகழ்பெற்றவர், லண்டனில் 1910இல் ‘சலோமே’யை முதன்முதலில் பாடியவர், ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் ‘லுவோன்னோதார்’ எழுதியது இவருக்காகத்தான். 1912இல் அவர் தொடங்கிய விழா போர்களில் நின்று நின்று போய், 1967இலிருந்துதான் ஆண்டுதோறும் நடக்கிறது. தல்வேலா 1972 முதல் 1979 வரை அதன் கலை இயக்குநர். கட்டுரை இந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறது.

கோட்டை முற்றத்தில் ஓப்பெரா நடத்துவது படத்தில் பார்க்க அழகு, நடத்துகிறவருக்குத் தலைவலி. மேடை அகலம், ஆழம் குறைவு. காட்சியைத் தூக்கி மறைக்க மேலே இடமில்லை. ஆகவே ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு எல்லாக் காட்சியையும் ஓட்ட வேண்டும். ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தரை மணி ஆகும். ஏழு மணிக்குத் தொடங்கும் ஓப்பெராவில் விளக்கை அணைத்து இருட்டை வரவழைக்க முடியாது. பகல் வெளிச்சத்திலேயே பேயும் வர வேண்டும், சாவும் நடக்க வேண்டும். இரவு ஏற ஏறக் குளிர் இறங்கும். நரம்பு வாத்தியங்களும் காற்று வாத்தியங்களும் எதிரெதிர்த் திசையில் சுருதி மாறும். அகன்ற மேடையில் கோரஸின் இரு முனைகளும் ஒன்றையொன்று கேட்டுப் பாடினால் தாளம் பிசகும். நடத்துநர் கையைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது மேடைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் கற்சுவர். குரலை அது அப்படியே முன்னே அனுப்பிவிடும். பாடகருக்கு மைக் கிடையாது. பார்வையாளர் பகுதிக்கு மேலே இன்று கூடாரக் கூரை இருக்கிறது, இருக்கைகள் சுமார் 2,200.

தல்வேலா இந்தக் குறைகளை வைத்தே திட்டமிட்டார். 1973இல் எவர்திங்கை வரவழைத்து ‘மந்திரப் புல்லாங்குழல்’ மேடையேற்றினார். கோட்டையே கோயிலாக நிற்கும் கதை. இருட்டு வேண்டாம், காட்சி மாற்றம் குறைவு. அந்தத் தயாரிப்பு பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடந்தது. கோட்டையின் 500ஆம் ஆண்டையொட்டி 1975இல் அவுலிஸ் சல்லினன் இசையமைத்து, கவிஞர் பாவோ ஹாவிக்கோ எழுதிய ‘குதிரைவீரன்’ அங்கே அரங்கேறியது. விழாவின் இயக்குநர் தானே பாஸ் பாடகர். அந்த ஓப்பெராவின் தலைப்பு வேடமும் பாஸ் குரலுக்கானது. அதைப் பாடியவர் அவரைவிடப் பத்து வயது இளைய மத்தி சல்மினன். பிற்காலத்தில் உலகெங்கும் ஹாகனாக அறியப்பட்டவர் அவர்தான். இதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு கலை இயக்குநருக்கு வேண்டுமா என்ன!

அதே ஆண்டு செப்டம்பரில் ஹெல்சிங்கியில் யோனாஸ் கோக்கோனனின் ‘கடைசிச் சோதனைகள்’. கோக்கோனன் எழுதிய ஒரே ஓப்பெரா. தல்வேலாவின் குரலை மனதில் வைத்தே எழுதியது. அதன் நாயகன் பாவோ ருவோத்சலைனன் 1777 முதல் 1852 வரை வாழ்ந்த ஒரு விவசாயி, சமய எழுச்சிப் பிரசங்கியார். சாகக் கிடக்கும் அவர் முன்னால் அவருடைய வாழ்க்கை 14 காட்சிகளில் திரும்பி வருகிறது: பட்டினி கிடந்த பண்ணை, இறந்துபோன முதல் மனைவி ரீட்டா, ஏளனம் செய்த கனவான்கள். பாடகர் ஏறக்குறைய முழு ஓப்பெராவும் மேடையில்தான். இளைஞனாகத் துள்ள வேண்டும், கிழவனாக முனக வேண்டும், இடையில் உடை மாற்றவும் நேரமில்லை. வயதைக் குரலில் மட்டுமே காட்டியாக வேண்டும். இதில் ஃபின்னிஷ் மொழி அவருக்குத் துணை. நம்மைப்போல அவர்களுக்கும் குறில் நெடில் உண்டு, ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும்; நெடிலைச் சுருக்கிப் பாடினால் வேறு சொல்லாகிவிடும். தல்வேலாவின் பாட்டில் அந்த அளவுகள் ஒருபோதும் தடுமாறுவதில்லை. உல்ஃப் சோடர்ப்ளோம் நடத்திய ஒலிப்பதிவில் இதைக் கேட்கலாம்.

கடைசியாகப் பதவி விவகாரம். சவோன்லின்னாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் ஜுவாவில் அவருக்குப் பண்ணை இருந்தது, ஆடு வளர்த்தார். நீரிழிவும் மூட்டுவாதமும் அவரைப் படுத்தியது உண்மை. 1989 ஜூலை 22 அன்று ஜுவாவில், மகளின் திருமணத்தில் நடனமாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார், வயது 54. ஃபின்லாந்து தேசிய ஓப்பெராவின் தலைமை இயக்குநராக அவரை நியமித்திருந்தார்கள், ஆனால் பொறுப்பேற்க வேண்டிய ஆண்டு 1992. அவர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்தக் குழு பழைய அலெக்சாந்தர் நாடக அரங்கை விட்டுப் புதிய கட்டடத்துக்குப் போனது 1993 நவம்பரில். தாங்கள் வெளியிட்ட படக்குறிப்பில் அவர் புதிய அரங்கில் நிற்பதாக இருக்கிறது. அதையும் திருத்த வேண்டும்.

திருத்தத்தோடு ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட இடமிருந்தால், கேட்க வேண்டிய ஒலிப்பதிவுகளாக இவற்றைக் குறிப்பிடலாம்: 1962 பைராய்ட் ‘பார்சிஃபால்’, 1965 ‘டான் கார்லோ’, 1969 ‘மந்திரப் புல்லாங்குழல்’, 1977 ‘போரிஸ் கோடுனோவ்’. இந்த வரிசையிலேயே கேட்பது நல்லது. போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை. சராஸ்த்ரோவின் 87 ஹெர்ட்ஸ் அதில் வராது, மேல் அலைகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்வதுதான் மிச்சம். சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை கேட்கும் வாசகர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.